கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் இருக்கிறது

போன இதழில் யூரின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் வந்து நின்றன: ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உயிர்வேதியியல் படித்து லேபில் காலம் தள்ளியவள், டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு வயது 41. மூன்று வருடமாக அடிவயிற்றில் வலி. சிறுநீர் சேரச் சேர வலி ஏறும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் இறங்கும், அப்புறம் மறுபடியும். ராத்திரி நாலைந்து தடவை எழுகிறேன். கல்ச்சர் எடுத்த போதெல்லாம் ‘நோ குரோத்’. இருந்தும் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது பார்க்கும் டாக்டர் ‘இன்டர்ஸ்டீசியல் சிஸ்டைட்டிஸ்’ என்கிறார். இதைக் கண்டுபிடிக்க யூரின் டெஸ்ட் வந்துவிட்டது என்று என் தங்கை சொல்கிறாள். எங்கே செய்வார்கள் மேடம்? – ஒரு வாசகி, கரூர்

எங்கேயும் செய்ய மாட்டார்கள். செய்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்டர்ஸ்டீசியல் சிஸ்டைட்டிஸ் என்பது கிருமி இல்லாமலே சிறுநீர்ப்பையில் வரும் நாட்பட்ட வலி. அது இருக்கிறதா இல்லையா என்று சிறுநீரை வைத்து முடிவு சொல்லும், எல்லா டாக்டர்களும் ஏற்றுக்கொண்ட டெஸ்ட் இன்னும் வரவில்லை. அதற்காக உங்கள் தங்கை சொன்னது சுத்தப் பொய்யும் இல்லை. ஆராய்ச்சியில் இருக்கிறது, ஏறக்குறைய முப்பது வருடமாக ஆராய்ச்சியிலேயே இருக்கிறது!

இப்போதைக்கு டாக்டர்கள் செய்வது, மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவது. சிறுநீர்ப்பையோடு தொடர்புள்ள வலியோ அழுத்தமோ ஆறு வாரத்துக்கு மேல் இருக்க வேண்டும், கிருமித் தொற்று இருக்கக் கூடாது, வேறு வெளிப்படையான காரணமும் இருக்கக் கூடாது, இதுதான் அமெரிக்கச் சிறுநீரியல் (யூரோலஜி) டாக்டர்கள் சங்கத்தின் வரையறை. நம் ஊரில் ‘வேறு காரணம்’ என்றால் முதலில் தள்ள வேண்டியது டி.பி. கல்ச்சரில் கிருமி வளரவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ்’ (சீழ் அணுக்கள்) மட்டும் நிறைய இருக்கிறது என்றால் அது சிறுநீர்ப் பாதை காசநோயாக இருக்கலாம். சாதாரண யூரின் கல்ச்சரில் டி.பி. கிருமி வளராது, அதற்குத் தனி டெஸ்ட் உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள், டாக்டரிடமும் காட்டிக் கேட்டுவிடுங்கள். சிறுநீரில் ரத்தம் இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாமல் ரிப்போர்ட்டில் மட்டும் தெரிந்தாலும், உங்கள் வயதில் அதை அப்படியே விடக் கூடாது. சிஸ்டோஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) போட்டுப் பார்க்கச் சொன்னால் பயந்து தள்ளிப் போடாதீர்கள்.

கிருமி இல்லாமல் கொடுத்த ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், எனக்குக் கோபம் வருகிற இடம் அது. ‘நீர்க்கடுப்பு’ என்று போய் நின்றாலே ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தில், கிருமியே இல்லாத எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனைவிக்கும் இதே நோய்தான். ‘எல்லாம் மனசு, டென்ஷனைக் குறைங்க’ என்றார் ஒரு டாக்டர். யூரினில் ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் அதில் என்னதான் தேடுகிறார்கள்? – ஒரு வாசகர், ஓசூர்

ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது? வழக்கமான ரிப்போர்ட் எதையெல்லாம் பார்க்கிறது என்று யோசியுங்கள். சர்க்கரை, புரதம், ரத்தம், வெள்ளணு, கிருமி விட்டுச் செல்லும் நைட்ரைட், கொஞ்சம் மைக்ரோஸ்கோப் வேலை. விரல்விட்டு எண்ணிவிடலாம். மனிதச் சிறுநீரில் இருக்கும் வேதிப்பொருட்களைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2013ல் பட்டியல் போட்டபோது 2,600க்கு மேல் வந்தது. அதில் பத்துப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நார்மல், மனசுதான்’ என்று சொல்வது, வாசற்படியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளே இல்லை என்று சொல்வது மாதிரி.

சரி, தேடியவர்களுக்கு என்ன கிடைத்தது? எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் கீ என்பவர் குழுவினுடையது. சிறுநீர்ப்பையின் உள் பக்கத்தை ஒரு செல் அடுக்கு மூடியிருக்கும், அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் நோயாளிகளின் சிறுநீரை விட்டார்கள். செல்கள் வளர்வது தடைபட்டது. நோய் இல்லாதவர்களின் சிறுநீரை விட்டால் அப்படி ஆகவில்லை. இது 1996ல். சிறுநீருக்குள் ஏதோ ஒன்று செல்களை வளர விடாமல் தடுக்கிறது, அது என்ன என்று தேடிப் பிடிக்க 2004 வரை ஆனது. ஒன்பதே அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கு, அதோடு ஒட்டிய சர்க்கரைச் சங்கிலி, அவ்வளவுதான். செல் பெருகுவதைத் தடுக்கும் காரணி என்ற பொருளில் ஏ.பி.எஃப். என்று பெயர் வைத்தார்கள். சிறுநீர்ப்பையின் உள்தோலில் புண் ஆனால் பக்கத்துச் செல்கள் பெருகி மூட வேண்டும், இது இருந்தால் மூடாது, அதனால் சிறுநீரில் உள்ள உப்புகள் அடியில் இருக்கும் நரம்பைத் தொடும். வலிக்கு ஒரு வேதியியல் காரணம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது. இருந்தும் இது ஏன் லேப் டெஸ்ட்டாக மாறவில்லை? அந்தப் பொருள் சிறுநீரில் இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம், நேரடியாக அளப்பது கஷ்டம், செல்லை வளர்த்து அதன் மேல் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைச் சாதாரண லேபில் தினமும் செய்ய முடியாது.

அடுத்தது 2016. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2008ல் ‘மேப்’ என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பைத் தொடங்கியது, நாட்பட்ட இடுப்புப் பகுதி வலியைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்வதற்காக. அதில் சேகரித்த சிறுநீரை செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை எடை போட்டு அடையாளம் காணும் கருவி) ஓட்டிப் பார்த்ததில், நோயுள்ள பெண்களிடம் ஒரு ஸ்டீராய்டு கழிவு கூடுதலாகத் தெரிந்தது. ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன் உடலில் உடைந்து, சல்பேட் ஒட்டிக்கொண்டு வெளியேறும் பொருள் அது. சுருக்கமாக எட்டியோ-எஸ் என்கிறார்கள். சிறுநீர்ப்பை வலிக்கும் ஹார்மோன் கழிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும், நியாயமான கேள்விதான். அதற்கு முந்தைய வருடம் வேறொரு குழு என்.எம்.ஆர். என்ற, காந்தப்புலத்தை வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் கருவியில் பார்த்து டைரமின், 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்று வேறு இரண்டு பொருளைச் சொன்னது. 2018ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆவியாகும் பொருட்களைப் பார்த்தவர்கள் நோயாளிகளிடம் மென்தால் குறைவு என்றார்கள். ஆமாம், புதினாவில் இருக்கும் அதே மென்தால்தான். ஆளுக்கொரு பொருளைச் சொல்கிறார்கள், கவனித்தீர்களா?

என் அபிப்பிராயம், இவர்கள் யாரும் தப்பாக அளக்கவில்லை. ஒரே பெயருக்கு அடியில் பல நோய்களைப் போட்டு வைத்திருக்கிறோம், அதனால்தான் விடையும் பலவாக வருகிறது. இதற்கு ஓரளவு நல்ல சாட்சியும் சிறுநீரிலேயே இருக்கிறது. நோயாளிகளில் ஒரு சிறு பிரிவினருக்கு சிறுநீர்ப்பைச் சுவரில் சிவந்த புண் தெரியும், 1915ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த கய் ஹன்னர் எழுதியதால் ‘ஹன்னர் புண்’ என்று பெயர். இவர்களின் சிறுநீரில் சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற புரதம் கூடுதலாக இருக்கிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையை அழற்சி இருக்கும் இடத்துக்கு வரவழைக்கும் புரதம் அது. புண் இல்லாதவர்களிடம் அந்த அளவுக்குக் கிடையாது. ஜப்பான், கொரியா, தைவான் டாக்டர்கள் சேர்ந்து 2020ல் போட்ட வழிகாட்டுதலில் புண் உள்ளதையும் இல்லாததையும் தனித்தனி நோயாகவே பிரித்துவிட்டார்கள். புண் இருந்தால் சிஸ்டோஸ்கோப் வழியாகவே அதைக் கரித்துவிட்டாலோ அதில் ஊசி போட்டாலோ பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. உங்கள் மனைவிக்கு சிஸ்டோஸ்கோப் பார்த்தார்களா, பார்த்தபோது ஹன்னர் புண் இருக்கிறதா என்று தேடினார்களா என்று கேளுங்கள். மனசு என்று சொன்ன டாக்டரை மாற்றிவிடுங்கள். டென்ஷனில் வலி கூடும் என்பது உண்மை, எந்த வலியும் கூடும்தான்.

நான் லேப் டெக்னீஷியன். ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்காக எங்களிடம் யூரின் சாம்பிள் வாங்கினார்கள். எல்லா அளவையும் கிரியாட்டினினால் வகுத்துத்தான் எழுதுகிறார்கள். ஏன்? – ஒரு வாசகர், மதுரை

நல்ல கேள்வி, இந்தத் துறையின் பாதித் தலைவலி இதுதான். ரத்தத்தை உடல் ஒரே நிலையில் வைத்துக்கொள்ளப் பார்க்கும், சிறுநீரை அப்படி வைத்துக்கொள்ளாது. ஒருவர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கொடுக்கிறார், இன்னொருவர் வெயிலில் பஸ் பிடித்து, வழியில் எங்கே போவது என்று தெரியாமல் தண்ணீரே குடிக்காமல் வந்து கொடுக்கிறார். உடலில் ஒரே அளவு சுரந்த பொருள் முதல் ஆளிடம் நீர்த்துப் போயிருக்கும், இரண்டாவது ஆளிடம் பல மடங்கு அடர்ந்து இருக்கும். கிரியாட்டினின் தசையிலிருந்து ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருவதால் அதை அளவுகோலாக வைத்து வகுக்கிறோம். ஏறக்குறைய என்பதைக் கவனியுங்கள். தசை குறைந்தவர்கள், வயதானவர்கள், கறி நிறைய சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் அது மாறும். மெலிந்த பெண் ஒருவருக்குக் கிரியாட்டினின் குறைவாக இருந்தால், வகுத்தபின் மற்ற எல்லாப் பொருளும் கூடுதலாகத் தெரியும். அதனால் சிலர் அடர்த்தியையோ ஆஸ்மோலாலிட்டியையோ (கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு) வைத்துச் சரி செய்கிறார்கள்.

இந்த நோயில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நோயே நீர் குடிக்கும் பழக்கத்தை மாற்றிவிடுகிறது. அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் ஒரு பக்கம், எரிச்சல் குறையட்டும் என்று நாள் முழுக்கக் குடிப்பவர்கள் ஒரு பக்கம்.

நீங்கள் லேபில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். காலையில் வீட்டில் பிடித்து, மூடியைத் திருகி, கவரில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, நம் ஊர் மே மாத வெயிலில் ஒன்றரை மணி நேரம் கழித்து உங்கள் கவுன்ட்டருக்கு வரும் டப்பா இருக்கிறதே, அதை மெட்டபோலைட் (உடலின் வேதிவினைகளில் உண்டாகும் சிறு பொருட்கள்) ஆராய்ச்சிக்கு எடுக்கவே கூடாது. கிருமிகள் பெருகி யூரியாவை அம்மோனியாவாக்கி, பி.எச். ஏறி, பாதிப் பொருள் மாறிப் போயிருக்கும். நடுச் சிறுநீராகப் பிடித்ததும் ஐஸில் வைத்து, சுழற்றிச் செல்களைப் பிரித்து, சின்னச் சின்ன ட்யூபில் பங்கு போட்டு மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். பங்கு போடுவது ஏன் என்றால், ஒரே சாம்பிளை எடுத்து உருக்கி மறுபடி உறைய வைத்தால் புரதம் கெடும். எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு உறைய வைத்தது என்று ட்யூபுக்கு ட்யூப் எழுதி வைக்கச் சொல்லுங்கள், பின்னால் முடிவு புரியாமல் போகும்போது அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

வாழைத்தண்டு ஜூஸ், இளநீர், சோடா உப்பு கலந்த தண்ணீர், இதெல்லாம் யூரினில் உள்ள ஆசிட்டைக் குறைத்து வலியையும் குறைக்கும் என்கிறார்களே? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஆசிட்தான் வலிக்குக் காரணமா என்பதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005ல் வெளிவந்த ஆய்வு. நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் ஒரு முறை பி.எச். 5 உள்ள திரவத்தையும், இன்னொரு முறை 7.5 உள்ள திரவத்தையும் செலுத்தினார்கள், எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, செலுத்தியவருக்கும் தெரியாது. வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சோடா உப்பில் சோடியம் வேறு நிறைய இருக்கிறது. பி.பி. உள்ளவர்கள், கிட்னி, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் தாமாக எடுக்கவே கூடாது.

ஆசிட்டை விட எனக்குச் சந்தேகம் பொட்டாசியத்தின் மேல். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான் இருக்கும், சிறுநீரில் அதைப் போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு சர்வ சாதாரணம். நல்ல சிறுநீர்ப்பையின் உள் பூச்சு அதை நரம்பு வரை விடாது. பூச்சு மெலிந்தால் கசிந்து நரம்பைத் தூண்டும் என்பது சான் டியாகோவில் லோவல் பார்சன்ஸ் வைத்த கருத்து. பொட்டாசியம் குளோரைடு கரைசலையே உள்ளே விட்டு வலிக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் அவர் கொண்டு வந்ததுதான். நோயாளி துடித்துப் போவார், முடிவும் இந்த நோயைத்தான் காட்டுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் இப்போது அதைச் செய்யச் சொல்வதில்லை.

இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் உண்டு. அதனால் நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன், குடித்துவிட்டு அடுத்த சில மணி நேரம் எப்படி இருக்கிறது என்று நீங்களே குறித்துப் பாருங்கள். பலருக்கு வலியைக் கூட்டுபவை காபி, டீ, எலுமிச்சை, தக்காளி, காரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு ரசமும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் வாடாதீர்கள், ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, எது உங்களுக்கு ஆகவில்லையோ அதை மட்டும் விடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தால் சிறுநீர் அடர்ந்து இன்னும் எரியும்.

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். இந்த நோயாளிகளின் யூரினில் மெட்டபோலைட் பார்த்து புராஜெக்ட் செய்ய ஆசை. எங்கே சறுக்கும்? – ஒரு மாணவி, திருச்சி

மாத்திரையில் சறுக்கும். நோயாளிகள் வலிக்கு பாராசிட்டமால் போட்டிருப்பார்கள், ஒப்பிட எடுக்கும் உன் தோழிகள் போட்டிருக்க மாட்டார்கள். என்.எம்.ஆரில் இரண்டு கூட்டமும் அழகாகப் பிரிந்து தெரியும், நீயும் சந்தோஷப்படுவாய், பார்த்தால் பிரித்தது நோய் இல்லை, பாராசிட்டமாலின் கழிவு! இதே மாதிரி ஹிப்யூரிக் அமிலம் என்று ஒன்று, டீயும் காபியும் பழமும் சாப்பிட்டால் ஏறும். நோயாளிகள் அதையெல்லாம் விட்டிருப்பதால் அவர்களிடம் குறைவாகத் தெரியும். மேலே சொன்ன மென்தால் விஷயத்திலும் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் அது என் சந்தேகம் மட்டும்தான்.

அதனால் ஒப்பிடும் கூட்டத்தை ஒழுங்காகத் தேர்ந்தெடு. உடம்பு நன்றாக இருப்பவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. கிருமித் தொற்று உள்ளவர்கள், வலி இல்லாமல் அவசரமாக மட்டும் சிறுநீர் வருபவர்கள், இவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் நீ கண்டுபிடித்தது இந்த நோய்க்கே உரியதா, இல்லை சிறுநீர்ப்பையில் எந்தத் தொந்தரவு வந்தாலும் ஏறுவதா என்று சொல்ல முடியும். நரம்பு வளர்ச்சிப் புரதமான என்.ஜி.எஃப். இப்படித்தான் அடிபட்டது. முதலில் இந்த நோய்க்குப் பெரிய நம்பிக்கையாகப் பேசினார்கள், பார்த்தால் ஓவர் ஆக்டிவ் பிளாடர் (வலி இல்லாமல் அவசரமாக மட்டும் சிறுநீர் வருவது) உள்ளவர்களிடமும் அது கூடுதலாகவே இருக்கிறது. இருபது பேரை வைத்துக்கொண்டு ஆயிரம் பொருளை அளந்தால் தற்செயலாகவே ஐம்பது ‘முக்கியம்’ என்று வந்து நிற்கும் என்பது உனக்கே தெரியும், புள்ளியியல் தெரிந்த ஒருவரை சாம்பிள் எடுப்பதற்கு முன்னாலேயே பிடித்துக்கொள். நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு டப்பா கூட வாங்காதே.

பென்டோசான் மாத்திரை சாப்பிடுகிறேன். கண்ணுக்கு ஆகாது என்று படித்தேன், உண்மையா? – ஒரு வாசகி, சேலம்

பென்டோசான் இந்த நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை. அதைப் பல வருடம் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு விழித்திரையில் நிறமி சார்ந்த பாதிப்பு வருவதாக 2018ல் அமெரிக்காவில் கண் டாக்டர்கள் எழுதினார்கள், 2020ல் மருந்தின் லேபிளிலும் எச்சரிக்கை ஏறியது. நீங்களாக நிறுத்த வேண்டாம். எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இருட்டில் பார்வை சரியாகப் பழகவில்லை, படிக்கச் சிரமம் என்றால் உடனே.

சிரிக்காதீர்கள் மேடம். எங்கள் வீட்டுப் பூனைக்கும் இதே நோய் என்கிறார் வெட்னரி டாக்டர். அப்படி உண்டா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சிரிக்கவே மாட்டேன், இந்த நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கொஞ்சம் பூனை சொல்லிக் கொடுத்தது. கிருமி இல்லாமலே முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக, சில சமயம் ரத்தத்தோடு போகும் பூனைகளை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல வருடம் ஆராய்ந்தார். சிறுநீர்ப்பையின் உள் பூச்சில் இருக்கும் பொருள் இந்தப் பூனைகளின் சிறுநீரில் குறைவாக இருந்தது, மனித நோயாளிகள் சிலரிடம் பார்த்த மாதிரியே. 2006ல் அவர் குழு வெளியிட்டதில், ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், விளையாட்டு, சுத்தமான மணல் தட்டு என்று வீட்டுச் சூழலை மாற்றிக் கொடுத்ததில் பெரும்பாலான பூனைகளுக்குத் தொந்தரவு குறைந்தது.

உங்களுடையது ஆண் பூனையா என்று எழுதவில்லை. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் பாதை அடைத்திருக்கலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.